றாஹிலாவைத் தூக்கும் விதம்

மிஹ்லாருடைய தொழில் உட்கார்ந்திருந்து செய்கிற தொழில். ஆனால் அவர் உட்காரத் தெரியாத மனிதர். விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்து சற்று நேரத்தில் கல்முனைக்குடியின் கடற்கரை ஒழுங்கைகளில் ஓர் இசை கேட்டால் அது வாசலுக்கு வாசல் ரொட்டி விற்கிற அவருடைய பாண் ஓட்டோ. பாண், பனிஸ், ரோஸ் பாண், மீன் பொதிந்த மாலு பாண் என்று எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் ஆவி பிடித்து நிற்கும். ஒரு வாசலில் நிறுத்துவார், பெட்டியைத் திறப்பார், கேட்டதைக் கொடுப்பார், மிச்சக் காசைக் கையில் வைக்கும்போதே அவருடைய கால் அடுத்த வாசலுக்குப் போய்விடும். பாணைவிட பாண்காரர்தான் சூடு என்று பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

வீட்டிலும் அப்படித்தான். தேத்தண்ணியை நின்றுகொண்டே குடிப்பார். நன்றாக இருக்கிற கதவுப் பிணைச்சலுக்கு எண்ணெய் விடுவார். ஆடாத கதிரையைக் கவிழ்த்து வைத்து ஆணி அடிப்பார். அந்தக் குணம்தான் ஒருநாள் மரம் அறுக்கிற வாளை எடுத்துக் கட்டிலின் நாலு காலையும் அரைவாசிக்கு அறுக்க வைத்தது.

கட்டில் அவருடைய மனைவி றாஹிலாவுடையது. போன வருடம் கலியாண வீடொன்றுக்குப் போய்த் திரும்பும் வழியில் அவள் இருந்த வேன் வாய்க்காலுக்குள் சரிந்தது. மற்றவர்கள் சிராய்ப்போடு எழும்பினார்கள். றாஹிலாவுக்கு முள்ளந்தண்டில் அடி. ஆஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்து வீடு வந்த பிறகும் இடுப்புக்குக் கீழே கால்கள் சொல்வழி கேட்கவில்லை. கைக்கு ஒரு குறையும் இல்லை. சக்கரக் கதிரையில் இருந்தபடி தேங்காய் துருவுவாள், கறிக்கு உப்புப் பார்ப்பாள், பக்கத்து வீட்டில் இருக்கும் தங்கச்சி ஜுனைதாவை வேலிக்கு மேலால் வேலை வாங்குவாள். வாய்க்கும் குறையில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஒருமுறை தூக்கத்தில் புரண்டு கட்டிலால் விழுந்துவிட்டாள். அன்றைக்கே மிஹ்லார் கட்டிலின் காலை அறுத்தார். இனி விழுந்தாலும் நோகாது என்று திருப்திப்பட்டார்.

அறுத்த பிறகுதான் அடுத்தநாள் காலை வந்தது. கட்டில் இப்போது அவருடைய முழங்காலுக்கும் கீழே கிடந்தது. றாஹிலா வளர்ந்த, சதைப்பிடிப்பான பெண். மிஹ்லார் ஒல்லி. நிலத்தில் கிடக்கிற சாமானைத் தூக்குவதுபோல் அவளை அள்ளிக் கதிரையில் வைக்க வேண்டியிருந்தது. காலையில் ஒருமுறை, மதியம் லுஹருக்குப் பிறகு ஒருமுறை, மாலையில் மறுபடியும். வெட்டிய காலை ஒட்டவா முடியும். பிழை என்று சொல்லவும் அவருக்கு மனம் வரவில்லை.

கொஞ்ச நாளில் இடுப்புக்கு மேலே நாரி பேசத் தொடங்கியது. காலையில் ஓட்டோவை எடுக்கும்போது ஒரு வலி, இறங்கும்போது ஒரு வலி. கட்டாரில் வேலை செய்கிற மகன் அர்ஹம் இதைக் கேள்விப்பட்டு, பாரம் தூக்குவது எப்படி என்று காட்டுகிற வீடியோக்களைத் தொலைபேசிக்கு அனுப்பினான். முதல் வீடியோவில் ஒரு மனிதன் இரும்பைத் தூக்கும்போது மேலே பார்க்கச் சொன்னான். அதற்கு அடுத்ததில் இன்னொருவன் மேலே பார்த்தால் கழுத்துப் போய்விடும், கீழேதான் பார்க்க வேண்டும் என்றான். மிஹ்லார் எதைப் பார்ப்பது என்று கேட்க, முதலில் அனுப்பினது பிழையாம் வாப்பா, அதை அழியுங்க என்று மகன் சொன்னான். மறுநாள் மூன்றாவது வந்தது. அதில் வந்தவன் முதலிரண்டு பேரையும் திட்டினான். கடைசியில் அர்ஹம், பிரதான வீதியில் கடைக்கு மேல்மாடியில் ஜிம் நடத்துகிற அப்ராஸிடம் போகச் சொன்னான். அப்ராஸ் அவனோடு படித்தவன்.

அப்ராஸ் நல்ல பொடியன். தோளும் நெஞ்சும் சட்டைக்குள் அடங்காது. ஆனால் பெரியவர்களைக் கண்டால் எழும்பி நிற்பான். மிஹ்லார் சாரனைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அந்த இரும்புக் காட்டுக்குள் நின்றபோது, பாட்டை நிறுத்திவிட்டு வந்து சலாம் சொன்னான். விஷயத்தைக் கேட்டான். ஒரு நீட்டுக் கம்பியை நிலத்தில் வைத்தான்.

"இது கஸ்டமான வேலையில்ல மிஹ்லார் காக்கா. றுகூஉக்குப் போற மாதிரிக் குனியுங்க. முதுகு பலகை மாதிரி நிக்கணும். மறுகா கம்பியோட நிமிர்ந்து எழும்புங்க. அவ்வளவுதான்."

மிஹ்லாருக்கு உள்ளம் குளிர்ந்தது. மேலே பார், கீழே பார் என்று அந்நியர்கள் சொன்னதெல்லாம் ஒரு பக்கம் போகட்டும். தொழுகையில் இடுப்பால் குனிந்து நிற்கிற றுகூஉ என்றால் அவருக்குத் தெரியும். சின்ன வயதில் ஓதப்போன இடத்தில் லெப்பை ஒவ்வொரு பிள்ளையின் முதுகிலும் கையை வைத்துப் பார்ப்பார். தண்ணீர் ஊற்றினால் வழியாமல் நிற்கிற மாதிரி முதுகு இருக்க வேண்டும் என்பார். முழங்கால் கொஞ்சம் மடங்கினாலும் பின்னால் பிரம்பு வந்து தொடும். பார்வை நெற்றி வைத்துச் சுஜூது செய்கிற இடத்தை விட்டு அசையக்கூடாது. அன்று தொட்டு இன்றுவரைக்கும் மிஹ்லாருடைய றுகூஉவில் யாரும் பிழை பிடித்ததில்லை.

அப்ராஸ் தானே குனிந்து காட்டினான். அவனுடைய முழங்கால் கொஞ்சம் மடங்கித்தான் நின்றது. மிஹ்லார் முழங்காலைப் பார்க்கவில்லை. முதுகைத்தான் பார்த்தார். அப்ராஸை அடுத்த பொடியன் கூப்பிட்டான், அவனும் போய்விட்டான்.

மறுநாள் சுபஹு முடிந்து பள்ளியால் வந்தார். தொழுத வெள்ளைச் சட்டையோடு, அத்தர் மணத்தோடு, வழமைபோல நேரே அறைக்குள் போனார். பிஸ்மி சொன்னார். முழங்கால் இரண்டும் கம்பமாக நிற்க, முதுகு பலகையாகக் கிடக்க, பார்வை நிலத்தில் ஊன்ற, முறையான ஒரு றுகூஉவில் குனிந்து றாஹிலாவின் கைக்குக் கீழே பிடித்து நிமிர்ந்தார். அரைவாசி நிமிர்ந்தபோது நாரியில் யாரோ கத்தி வைத்து இழுத்தது போலிருந்தது. இரண்டு பேரும் மெத்தையில் போய் விழுந்தார்கள். றாஹிலா முதலில் சிரித்தாள். கலியாணம் முடித்து இத்தனை வருடத்துக்குப் பிறகு என்னகா இது என்று கேட்டாள். பிறகு அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். அவளுடைய முழங்கை கட்டில் சட்டத்தில் அடிபட்டுக் கறுத்திருந்தது. அதை அவள் முந்தானையால் மறைத்தாள்.

செய்தி வரிப்பத்தான்சேனைக்குப் போயிற்று. அங்கே றாஹிலாவின் அண்ணன், அவள் காக்கா என்று கூப்பிடுகிற அப்துல் ஹமீட், வெள்ளாமை செய்கிறார். தங்கச்சிமார் என்றால் உயிர். அன்று பின்னேரமே வந்து, ஒரு பக்கம் சரிந்து நிற்கிற மச்சானையும் தங்கச்சியின் முழங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். சத்தம் போடவில்லை. அது மிஹ்லாருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"மச்சான், ஒங்கள நான் குறை சொல்ல வரல்ல," என்றார். "ஒங்கட நாரியும் போய் இவட எலும்பும் போகணுமா? வெள்ளாமை வெட்டு முடியட்டும், மறுகா வேனக் கொண்டு வாறன். எங்கட ஊட்ட ரெண்டு பொடியன்மார் இரிக்கானுகள். சொந்த மாமியத் தூக்கிறத்துக்கு அவனுகளுக்கு ஒரு தடையுமில்ல."

மிஹ்லார் வாசலுக்குப் போய் வளவைப் பார்த்தார்.  எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டுக்குத்தான் வந்து குடியிருப்பான். இது றாஹிலாவுக்கு உம்மா வாப்பா கொடுத்த வீடு. இந்த வளவுக் கிணறும் முருங்கையும் அவளுடையவை. அவர்தான் வந்தவர். வந்தவருக்குப் பெலன் இல்லை என்பதற்காக வீட்டுக்காரியை வேனில் ஏற்றிக்கொண்டு போவதா?  காக்கா போன பிறகு றாஹிலா முருங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு ஜுனைதாவும் அடுத்த வளவுப் பெண்ணொருத்தியும் பெட்சீட்டின் நாலு மூலையையும் பிடித்து றாஹிலாவை மாற்றினார்கள். பாவம், அவர்கள் நல்லதுக்குத்தான் செய்தார்கள். ஒருநாள் றாஹிலா மிஹ்லாரைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"பெட்சீட்டுல தூக்க வேணாமெண்டு ஜுனைதாக்கிட்டச் சொல்லுங்க. அடக்கத்துக்கு மையித்தக் கொண்டு போற மாதிரி இரிக்கி."

அவர் சொல்லவில்லை. சொன்னால் வேறு யார் தூக்குவது?

முன்பெல்லாம் மிஹ்லாருக்கு உட்கார முடியாது. இப்போது நிற்கவும் முடியவில்லை. பள்ளியில் ஸப்பு வரிசையின் ஓரத்தில் ஒரு கதிரையில் இருந்து தொழுதார். இமாம் தக்பீர் சொல்ல, வரிசை முழுக்க ஒன்றாகக் குனியும். அவர் மட்டும் தலையை ஆட்டிவிட்டு இருப்பார். குனியாத முதுகு அவரை உள்ளே அரித்தது. தொழுகை முடிந்தால் சுற்றி ஆட்கள். ஒருவர் எண்ணெய் சொன்னார், ஒருவர் சுடுமணல் ஒத்தடம் சொன்னார், ஒருவர் பாயில் கிடக்கச் சொன்னார், இன்னொருவர் பாயில் கிடந்தால் சரிவராது, நட என்றார். எல்லோருக்கும் ஓம் ஓம் என்றார். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் செய்தார். சுடுமணல் வைத்த இடத்தில் தோல் பொக்களித்ததுதான் மிச்சம்.

ஓட்டோவை விடவில்லை. கிட்டங்கியைத் தாண்டிச் சவளக்கடைப் பக்கம் போகும்போது இரண்டு பக்கமும் வயல். முதலில் கடும் பச்சையாய் இருந்தது. பிறகு கதிர் வந்தது. பிறகு பச்சைக்குள் மஞ்சள் கலந்தது. ஒவ்வொரு நாளும் அவர் வேகத்தைக் குறைத்துப் பார்ப்பார். ஊரெல்லாம் வெள்ளாமை நல்லா விளையட்டும் என்று துஆக் கேட்கிற காலத்தில், இன்னும் கொஞ்சம் பிந்தட்டும் என்று தன் வாயால் வந்துவிட்டதை ஒருநாள் கண்டுபிடித்தார். ஓட்டோவை ஓரத்தில் நிறுத்தி, மன்னிப்புக் கேட்டு அஸ்தஃபிருல்லாஹ் சொன்னார். இசையை நிறுத்த மறந்துபோனார். பிள்ளைகள் காசோடு ஓடி வந்துவிட்டார்கள்.

சவளக்கடையில் வேலப்போடி என்றொரு வயல்காரர், ஒவ்வொரு நாளும் இரண்டு றாத்தல் பாண் வாங்குகிறவர். மிஹ்லார் சரிந்து நிற்பதைப் பார்த்து அவரும் வைத்தியம் சொன்னார்.

"குனிஞ்சி தூக்கப்படா தம்பி. முதுகக் குடுத்து வாங்கணும். ரெண்டு பேர் ரெண்டு பக்கத்தால ஏத்தி விட்டா நான் இப்பவும் மூட்டையோட வரம்பால நடப்பன்."

"போடியார், அது மூட்டையில்ல. என்ட பொஞ்சாதி."

வேலப்போடி கொஞ்ச நேரம் பாணைப் பார்த்தார். "ஓம், அதச் சொன்னீங்கதான்," என்றார்.

வெட்டு மெசின்கள் வயலில் இறங்கின. வீதியோரத்தில் நெல் காயத் தொடங்கியது. அந்தக் கிழமைதான் பாண்டிருப்பில் கிருஷாந்தன் அவரை மறித்தான். கிருஷாந்தன் ஆஸ்பத்திரியில் கைகால் பயிற்சி கொடுக்கிற பிரிவில் வேலை செய்கிறவன். படிக்கிற காலத்தில் பாரம் தூக்கும் போட்டிகளுக்கும் போனவன். வேலைக்குப் போகும் வழியில் கிம்புலா பனிஸ் வாங்குவான். அன்று பனிஸை வாங்கிக்கொண்டு போகாமல், என்ன அண்ணன் இப்படி நிற்கிறீர்கள் என்று கேட்டான். மிஹ்லார் சொன்னார். எப்படித் தூக்கினீர்கள், இந்தப் பாண் தட்டில் செய்து காட்டுங்கள் என்றான். மிஹ்லார் வெறும் தட்டை வீதியில் வைத்து, வலிக்குப் பயந்து பயந்து அரைவாசி குனிந்து காட்டினார்.

கிருஷாந்தன் அவருடைய காலைத்தான் பார்த்தான்.

"முழங்கால் ஏன் கம்பம் மாதிரி நிக்கிது?"

மிஹ்லார் றுகூஉவைச் சொன்னார். லெப்பையின் பிரம்பைச் சொன்னார். அப்ராஸ் சொன்னதையும் சொன்னார். கிருஷாந்தன் சிரிக்கவில்லை. பனிஸைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான்.

"முதுகுக்கு அவர் சொன்னது சரி," என்றான். "ஆனா அண்ணன், தொழுகையில நீங்க வெறுங்கையோடதானே குனியிறீங்க. பாரத்தோட எழும்பக்குள்ள முழங்காலும் வேலை செய்யணும். காலுக்குரிய பாரத்தையெல்லாம் நாரிக்குக் குடுத்திட்டீங்க."

மிஹ்லாருக்குப் பாதி ஆறுதல், பாதி வெட்கம். சனிக்கிழமை பின்னேரம் அஸருக்குப் பிறகு வீட்டுக்கு வந்து கட்டிலைப் பார்ப்பதாகக் கிருஷாந்தன் சொன்னான். அதே நாளில் வேறொன்றும் வரும் என்று மிஹ்லார் நினைக்கவில்லை. வரிப்பத்தான்சேனையில் வெட்டு முடிந்த செய்தி வியாழக்கிழமை வந்தது. சனிக்கிழமை வேன் வருகிறது என்று ஹமீட் சொல்லியனுப்பினார்.

அந்தச் சனிக்கிழமை மிஹ்லார் வளவைச் சுற்றிச் சுற்றி நடந்தார். கிணற்று வாளியைக் கழற்றிப் பூட்டினார். ஜுனைதா பயணத்துக்கென்று றாஹிலாவுக்கு எடுத்து வைத்த துணிப்பையைக் கண்டார். திரும்பிப் போனார். மறுபடியும் வந்து அதையே பார்த்தார்.

முதலில் கிருஷாந்தன் வந்தான். கட்டிலைக் கண்டதும் நின்றான்.

"இதுக்கு கால் எங்க?"

"நான்தான் அறுத்தன்," என்றார் மிஹ்லார்.

"என்னத்துக்கு?"

கதிரையில் இருந்த றாஹிலா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "அவருக்குக் கை சும்மா இரிக்காது தம்பி," என்றாள். "என்ட காலும் நடக்காது எண்டதால கட்டிலுக்கும் வேணாமெண்டு நினைச்சிருப்பார்."

ஜுனைதாவின் வளவில் மதில் கட்டி மிஞ்சிய கல்லுகள் கிடந்தன. அவற்றைக் கொண்டுவந்து நாலு மூலைக்கும் அடுக்கி, கட்டிலைக் கதிரையின் உயரத்துக்கு ஏற்றினார்கள். சுவர்ப்பக்கம் தள்ளி, மறுபக்கம் விழாமல் ஒரு பலகையும் கட்டினார்கள். றாஹிலாவுக்கு முதுகு களைத்திருந்தது. ஜுனைதாவும் அந்தப் பெண்ணும் பெட்சீட்டோடு அவளை மாற்றிக் கட்டிலில் சாய்த்து வைத்துவிட்டுக் கதவுச் சீலையை இழுத்துவிட்டார்கள்.

கல் அடுக்கி முடிகிற நேரம் அப்ராஸ் வந்தான். தான் சொன்னதால்தான் மிஹ்லார் காக்காவின் நாரி போனது என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, குற்றம் செய்தவன்போல் வந்தான். கையில் தடித்த தோல் பட்டியொன்று. இதைக் கட்டிக்கொண்டு தூக்கினால் முதுகுக்கு ஒன்றும் வராது என்று கொடுத்தான்.

கிருஷாந்தன் பட்டியை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். "இதக் கட்டினா நாரி பழகாது. சும்மா கிடந்து சோம்பேறியாகும்."

"நான் 'மாதிரி' எண்டுதான் சொன்ன," என்றான் அப்ராஸ். "றுகூஉவையே எடுத்துக்கொண்டு போவாரெண்டு எனக்குத் தெரியுமா?"

அதோடு தொடங்கிற்று. மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்க வேண்டும் என்றான் அப்ராஸ். விட்டுக்கொண்டு தூக்க வேண்டும் என்றான் கிருஷாந்தன். காலை அகட்டு என்றான் ஒருவன், ஒடுக்கு என்றான் மற்றவன். ஹோலின் நடுவில் ஜுனைதாவின் கேஸ் சிலிண்டரை வைத்து இரண்டு பேரும் மாறி மாறித் தூக்கி வைத்தார்கள். மிஹ்லார் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, அகட்டி, ஒடுக்கி, மூச்சைப் பிடித்து, விட்டு, தலைசுற்றிச் சுவரைப் பிடித்தார். அப்போதுதான் வாசலில் வேன் வந்து நின்றது. அப்துல் ஹமீட் வெட்டு முடித்த வெயில் கறுப்போடு உள்ளே வந்து, இரண்டு பொடியன்கள் சிலிண்டரைக் கட்டிப்பிடித்துச் சண்டை பிடிப்பதைப் பார்த்தார்.

"கேஸ் முடிஞ்சி போச்சா?" என்று கேட்டார்.

விஷயத்தைச் சொன்னார்கள். அவர் கதிரையில் இருந்து, நெற்றியைத் துடைத்தார். பொழுதுபட்டு மஃரிபுக்கு முதல் போய்ச் சேர வேண்டும், தங்கச்சியைத் தயாராகச் சொல்லுங்கள் என்றார். மிஹ்லாருடைய கால்கள் தரையில் நிற்கவில்லை. வாசலுக்குப் போனார், அறைக் கதவுக்கு வந்தார், மறுபடி வாசலுக்குப் போனார்.

"சிலிண்டர் மனுசனில்ல," என்றான் கிருஷாந்தன். "ஒரு ஆளை வெச்சிக் காட்டுறன். இரி தம்பி."

அப்ராஸ் மாட்டேன் என்றான். ஹமீட் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதால் பிறகு கதிரையில் இருந்தான். கிருஷாந்தன் முழங்காலை மடக்கி, அவனுடைய கைக்குக் கீழால் தன் இரண்டு கையையும் விட்டுத் தூக்கினான். அப்ராஸ் வெட்கத்தில் முகத்தைத் திருப்பி, நெஞ்சைப் பின்னுக்கு இழுத்து, விறைத்துக்கொண்டு நின்றான். கிருஷாந்தனால் ஓர் அங்குலம் அசைக்க முடியவில்லை.

"பெலன் காணாது," என்றான் அப்ராஸ்.

"பெலன் இரிக்கி. நீதான் என்னட்ட இருந்து ஓடுறாய். நெஞ்சோட நெஞ்சு வரணும். பாரம் ஒரு சாண் தள்ளி நிண்டா அது ரெண்டு மடங்குப் பாரம்."

"எனக்கு வேர்த்துக் கிடக்கு. எப்பிடிக் கிட்ட வாற?"

"உன்ட வேர்வைக்கு நான் பயமில்ல. கையை என்ட கழுத்தால போடு."

கதவுச் சீலைக்குப் பின்னால் றாஹிலா சிரிக்கிற சத்தம் கேட்டது. அப்ராஸ் கண்ணை மூடிக்கொண்டு கிருஷாந்தனின் கழுத்தைக் கட்டினான். நெஞ்சு நெஞ்சோடு பட்டது. அந்தப் பெரிய உடம்பு கதிரையை விட்டு எழும்பி வந்தது. ஹமீட்கூடச் சிரித்துவிட்டார்.

சீலைக்குப் பின்னால் மட்டும் சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று.

 பிறகு றாஹிலா கூப்பிட்டாள். "அர்ஹம்ட வாப்பா, இஞ்ச ஒருக்கா வாங்க. நீங்க மட்டும்."

மிஹ்லார் சீலையை விலக்கி உள்ளே போனார். அவள் பயணத்துக்குத் தயாராகிவிட்டாளோ என்று பயந்துகொண்டுதான் போனார். அவள் அவரைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்தாள்.

"பிழை ஒங்கட முழங்கால்ல மட்டுமில்ல," என்றாள்.

"மறுகா?"

"நானும் அந்தப் பொடியன் மாதிரித்தான். ஒவ்வொரு நாளும் தள்ளித் தள்ளிப் போன."

அவர் விளங்காமல் நின்றார்.

"நீங்க பள்ளியால வந்து தொழுத சேட்டோட தூக்குவீங்க. என்னில இரிக்கிற இந்த மூத்திரப் பை ஒழுகுது சில நேரம். ஒங்கட சேட்டுல அந்த அசுத்தம், நஜீஸ் பட்டா? அதோட லுஹருக்கும் போய் நிப்பீங்க. ஒங்கட தொழுகை என்னால கெட்டுப்போகப்படாதெண்டு முகத்தத் திருப்பி, நெஞ்ச இழுத்து, எட்டவா நிண்டன். பாரமில்லாம இரிக்கிறன் எண்டு நினைச்சன்." பெட்சீட் மடிப்பைத் தடவினாள். "மணக்கும் எண்டும் ஒரு வெக்கம்."

 இத்தனை காலமும் மிஹ்லார் அவளுடைய பாரத்தைத் தூக்கியதாக நினைத்திருந்தார். அவள் அந்த அந்தரத்தில் தொங்கிக்கொண்டு அவருடைய தொழுகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அல்லாஹ் ஒருவனுக்குத்தான் இதெல்லாம் தெரிந்திருந்தது.

அவர் வெள்ளைச் சட்டையின் பொத்தானைக் கழற்றினார். அதை மடித்து அலுமாரிக்கு மேல் வைத்தார். கதவுக்குப் பின்னால் ஆணியில் அவருடைய பாண் ஓட்டோச் சட்டை தொங்கியது. மாவும் மாஜரினும் பட்டுப் பட்டு நிறம்மாறிய சட்டை. அதைப் போட்டார்.

"இது தொழுகிற சேட்டில்ல," என்றார். "இதுல என்ன பட்டாலும் கழுவலாம். வா புள்ள."

றாஹிலா கையைத் தூக்கி அவருடைய கழுத்தைச் சுற்றிப் போட்டாள். அவர் முழங்காலை மடக்கினார். பிரம்பு படுமோ என்று ஒரு கணம் கால் கூசியது. வெளியே இருந்து கிருஷாந்தன் மூச்சை விடுங்கள் என்றான். பிடியுங்கள் என்றான் அப்ராஸ். மிஹ்லார் பிஸ்மி சொன்னார். அவள் நெஞ்சோடு வந்தாள். கட்டிலும் இப்போது கீழே கிடக்கவில்லை. அவள் எழும்பி வந்தாள். நாரி முனகியது, கத்தவில்லை. அவளுடைய தாடை அவருடைய தோளில் இருந்தது.

"மாலு பாண் மணக்கிது," என்றாள் காதுக்குள்.

அவர் மெதுவாகக் கிறுகித் திரும்பி அவளைக் கதிரையில் வைத்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவள் கதிரைச் சில்லைத் தன் கையால் உருட்டி, சீலையைத் தள்ளிக்கொண்டு ஹோலுக்கு வந்தாள். ஹமீட் எழும்பினார். தங்கச்சியைப் பார்த்தார். பின்னால் பாண் சட்டையோடு நிற்கிற மச்சானைப் பார்த்தார்.

"இண்டைக்குத் தூக்கிட்டார்," என்றார். "நாளைக்கு?"

அந்தக் கேள்வி சரியான கேள்வி.   றாஹிலாதான் கதைத்தாள்.

"நாளைக்கும் நான் கிட்ட வருவன் காக்கா. அது என்ட வேலை. நாரி நொந்தா அவர் சொல்லணும், அது அவர்ட வேலை. இது என்ட வீடு. என்ன வேனுல ஏத்தாதீங்க."

ஹமீட் வெகுநேரம் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பினார். அடுத்த விளைச்சலான சிறுபோக வெட்டுக்குப் பிறகு வந்து பார்ப்பேன், அதுவரை ஏதும் என்றால் அந்த நேரமே தொலைபேசியில் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று இரண்டு பேரிடமும் வாக்கு வாங்கினார். சொல்லாமல் மறைத்தால் கேட்காமலே ஏற்றிக்கொண்டு போவேன் என்றார். வேன் வெறுமையாகப் போகக்கூடாது என்று ஜுனைதா முருங்கைக்காய்க் கட்டொன்றை உள்ளே போட்டாள்.

ஆக மிஹ்லாருக்கு இன்னொரு போகம் கிடைத்தது, அவ்வளவுதான். பள்ளியில் இன்னும் கதிரையில்தான் தொழுகிறார். கிருஷாந்தன் சொன்ன பயிற்சியைக் காலையில் செய்கிறார். தோல் பட்டியைக் கிருஷாந்தனுக்குத் தெரியாமல் வைத்திருக்கிறார். அப்ராஸும் கிருஷாந்தனும் வீதியில் கண்டால் மேலே பார்ப்பதா கீழே பார்ப்பதா என்று இன்னும் முடிக்கவில்லை. சவளக்கடை வயலில் மறுபடியும் விதைத்தாயிற்று. மிஹ்லார் அந்த வழியால் போகும்போது, யாஅல்லாஹ், எல்லோருக்கும் நல்லா விளையட்டும் என்று கேட்கிறார். கேட்டுவிட்டு, ஓட்டோவைக் கொஞ்சம் வேகமாக விடுகிறார்.

சுபஹு முடிந்து வந்ததும் வெள்ளைச் சட்டையைக் கழற்றிவிட்டுப் பாண் சட்டையைப் போடுகிறார். குனிகிறார். றாஹிலா கிட்ட வருகிறாள். தூக்கிய பிறகு வழமைபோல அவருடைய கால் அவசரப்படும், அடுத்த வேலைக்கு, அடுத்த வாசலுக்கு.

"அவசரப்படாதீங்க," என்பாள், அவருடைய கழுத்தைக் கட்டியபடி, தோளிலிருந்து. "நான் இன்னும் நிக்கிறன்."

அவரும் நிற்பார்.